மூடாக்கு

செம்மண்டலத்து மண்ணில் கத்தரி வராது என்று சொல்வார்கள். அது சரியில்லை, ஐயா. மேலே இலைதழை போட்டு மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் எந்த மண்ணிலும் கத்தரி வரும். எங்கள் தோட்டத்துக் காயை நீங்களே சாப்பிட்டிருப்பீர்கள். தை மாதம் இந்த ஸ்டேஷனுக்கு ஒரு கூடை கொடுத்தனுப்பினோம். உத்திராபதி ஐயா தோட்டத்துக் காய் என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

நான் அவருடைய சம்சாரம், மங்கலம். தங்கராசு செத்த அன்று நீங்கள் விசாரிக்க வந்தபோது மோர் கொண்டுவந்து வைத்தது நான்தான். என்னிடம் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. அன்று மிகவும் களைப்பாக இருந்தது.

நாளைக்கு அவர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நின்று, தங்கராசு சாவுக்கு நான்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ளப்போகிறார். அதற்குமுன் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வந்தேன். ரைட்டர் தம்பி அவசரப்படாமல் எழுதட்டும். நானும் மெதுவாகவே சொல்கிறேன். வேகமாகப் பேச இப்போதெல்லாம் முடிவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் நல்லவர். இத்தனை வருஷத்தில் என்மேல் கை நீட்டியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "நீ சாப்ட்டியா" என்று கேட்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார். இல்லை என்பேன். "நேரத்துக்கு சாப்புடு மங்கலம்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடுவார்.

அவருக்குச் சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் ஆபீசு வேலை. குவார்ட்டர்ஸ் வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் லாட்ஜில் தங்கிப் படிக்கிற பையன்களை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூட்டிவந்துவிடுவார். காலையில் அவருக்குத் தோன்றும். மத்தியானம் நான் இலை போடவேண்டும். வந்த பையன்களுக்கு வயிறு நிறையப் போட்டு அனுப்புவதில் எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர்கள் இப்போது பெரிய பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் காலில் விழுவார்கள், அவர் காலில். "சார் வூட்டு மீன்கொழம்ப மறக்க முடியுமா சார்" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "நாம என்னா பெருசா செஞ்சிட்டோம்" என்பார்.

அவர் எப்போதும் 'நாம' என்றுதான் சொல்வார். 'நான்' என்று சொல்கிற கர்வம் அவருக்குக் கிடையாது. ஆனால் வேலை என்று வந்தால் அந்த 'நாம'வில் நான் மட்டும்தான் இருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பழக்கமாகச் சொல்கிறேன்.

ரிட்டையர் ஆனதும் செம்மண்டலத்தில் அவருடைய அப்பா வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் நல்ல அகலமான மனை, முள்ளும் புதருமாகக் கிடந்தது. இனிமேல் கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்தேன். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, திங்கட்கிழமை ராத்திரிச் சோற்றை எல்லாரும் விடவேண்டும் என்று ரேடியோவில் சொன்ன வருஷம் அது. வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னார்கள். அவருக்கு அது மனசில் தைத்துவிட்டது. தோட்டம் போடலாம் என்றார். சீமை உரம் ஒரு பிடி போடக்கூடாது, மருந்து அடிக்கக்கூடாது, மண்ணைக் கொத்தவே கூடாது என்றார்.

"கொத்தாம எப்டிங்க" என்று கேட்டேன்.

"காட்ட யாரு மங்கலம் உழுவுறாங்க? எல விழுவுது, மக்குது, மரம் வளருது. நாமளும் அதையே செய்வோம். மேல எலய போட்டு மூடிக்கிட்டே இருந்தா போதும்."

அதற்கு மூடாக்கு என்று பெயர் சொன்னார். பெயர் சொன்னது அவர். போட்டது நான்.

இலை என்றால் லேசு என்று நினைப்பீர்கள். உலர்ந்தது லேசுதான். நனைந்தது அப்படி இல்லை. சாலையோரத்துப் பூவரசு, புங்கன் சருகெல்லாம் விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பெருக்கி அள்ளிக்கொண்டு வருவேன். வெயில் ஏறிவிட்டால் சனங்கள் பார்ப்பார்கள், ஆபீசர் வீட்டு அம்மா தெருக் கூட்டுகிறாள் என்பார்கள், அவருக்குக் கௌரவக் குறைவு. கெடிலத்துக் கரையில் புல் அறுப்பேன். வண்டிக்காரர்கள் தள்ளிவிட்டுப்போகிற கரும்புச் சோகை, செக்குக்காரர் வீட்டில் மல்லாட்டைக் கடலைத் தோல், பக்கத்து வீட்டு ஜெய்னப்பிடம் ஆட்டுப் புழுக்கை, எல்லாம் தலைச்சுமைதான். அவர் வேப்பமரத்தடியில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "அந்த மூலையில இன்னும் கொஞ்சம், மங்கலம்" என்பார். அவர் சொல்கிற மூலை சரியாகத்தான் இருக்கும். அங்கே குறைவாகத்தான் இருக்கும். அவருக்கு நல்ல பார்வை.

எனக்கு இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் மரத்துப்போகத் தொடங்கியது அப்போதுதான். சாயங்காலம் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கவேண்டும். அதனால் உட்காருவதை விட்டுவிட்டேன்.

மண் மாறியது, ஐயா. அதை நான் மறுக்கமாட்டேன். செங்கல் மாதிரி இருந்த மண் கறுத்தது. இலையை விலக்கினால் அடியில் மண்புழு நெளியும். விரலை விட்டால் மணிக்கட்டு வரை போகும். கத்தரியும் வெண்டையும் புடலையுமாகக் காய்த்துத் தள்ளியது. பிளாக் ஆபீசிலிருந்து வந்து பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாராவது வருவார்கள். அவர் கூடவே நடந்து விளக்குவார். வந்தவர்களுக்கு நான் உள்ளே காபி போடுவேன். அவர் நன்றாக விளக்குவார். சன்னலோரம் நின்று கேட்கும்போது எனக்கே அவர்தான் செய்தார் என்று தோன்றும்.

ஜெய்னப் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். "ஒங்க வூட்டுக்காரருக்கு கைராசி ஜாஸ்திக்கா. நாங்களும் வெதை போடுறோம், ஒண்ணும் வர்ல." என் தலையில் அப்போது அவள் வீட்டுப் புழுக்கைக் கூடை இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மனையின் நடுவில் பழைய உறைகிணறு ஒன்று இருந்தது. அவருடைய அப்பா காலத்துக்கு முன்னாலேயே தண்ணீர் வற்றி, மேலே பனம்பலகை போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டிருக்கிறார்கள். முதல் வருஷம் இலை பரப்பும்போது என் கால் சற்றே அமுங்கியது. விலக்கிப் பார்த்தேன். பலகை உளுத்திருந்தது. இடுக்கு வழியாக ஒரு கல்லைப் போட்டேன். சத்தம் வர நேரம் ஆனது.

அவரிடம் சொன்னேன். "அடடா, ஆள விட்டு மண்ணடிச்சி தூத்துடலாம்" என்றார். அதுவும் 'நாம' செய்யவேண்டிய வேலையில் போய்ச் சேர்ந்தது. என்னால் ஒரு கிணற்றைத் தூர்க்க முடியாது. அதனால் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, கரிச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். நான் அதைச் சுற்றி நடந்துகொண்டேன். அவர் மறந்துவிட்டார். கொஞ்ச நாளில் வருகிறவர்களிடம், "திருஷ்டிக்கு என் சம்சாரம் வச்சிருக்கா, பொம்பளைங்க நம்பிக்க" என்று சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். நான் திருத்தவில்லை.

இந்த வருஷம் மேற்கு ஓரத்தில் கோரை தலைகாட்டியது. அதைப் பார்த்துவிட்டு, வந்திருந்த ஒரு பெரிய விவசாயி, ஆழமாகக் கொத்திப் புரட்டி வெயிலில் காயவிடாவிட்டால் அடுத்த பட்டத்துக்குத் தோட்டமே கோரையாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவருக்கு யோசனை. கொத்தலாமா, வேண்டாமா. சாப்பிடும்போது கேட்பார். வெற்றிலை போடும்போது கேட்பார். கோயிலுக்குப் போகிற வழியில் நின்று கேட்பார்.

"நீ என்னா சொல்ற மங்கலம்?"

"வாணாங்க. கோரக்கெழங்கு வெட்டுப்பட்டா ஒண்ணு பத்தாவும். கையால புடுங்கிக்கலாம். புழுவெல்லாம் செத்துப்புடும்."

தலையை ஆட்டுவார். மறுநாள் யாராவது வந்தால், "கொத்துனா கோர ஜாஸ்தியாவும்னு ஒரு எண்ணம் இருக்கு" என்று சொல்வார். அதற்கடுத்த நாள் மறுபடியும் என்னிடம் கேட்பார். நான் மறுபடியும் சொல்வேன். மாசக்கணக்காக இப்படி. ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பது சுமை தூக்குவதைவிடக் கஷ்டம். ஏதாவது ஒன்று முடிவானால் தேவலாம் என்று இருந்தது.

ஒரு காலையில் முடிவாகிவிட்டது. பல் துலக்கிவிட்டு வந்து சொன்னார்.

"கொத்திடலாம்னு தோணுது மங்கலம். எலயோட சேத்துப் பொரட்டிட்டா போச்சு. தங்கராச வரச் சொல்லிட்டேன்."

"இத்தினி நாளா போட்ட எலங்க அது" என்றேன்.

"எங்க போவப் போவுது? மண்ணுக்குள்ளதான் போவுது. காஞ்ச பின்னாடி திரும்ப முதல்லேருந்து மேல போட்டுக்கலாம்."

"யாரு போடுறது?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அன்பாகத்தான் பதில் சொன்னார். "நாமதான்."

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். கோபம் வந்ததா என்று கேட்டால் இல்லை. கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டும். முதலிலிருந்து என்கிற வார்த்தை மட்டும் உள்ளே நின்றுகொண்டிருந்தது. பூவரசு, புங்கன், சோகை, புழுக்கை, முதலிலிருந்து.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் தோட்டத்துக்குப் போய்க் குச்சியையும் சட்டியையும் எடுத்தேன். அந்த இடத்தில் மட்டும் இலை கொஞ்சம் மெலிந்து, வட்டமாகத் தெரிந்தது. பக்கத்திலிருந்து தள்ளிச் சமன் செய்தேன். பிறகு தண்ணீர் தெளித்து அமுக்கிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அதுவும் தினம் செய்கிற வேலைதான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

என்ன நினைத்துக்கொண்டு செய்தாய் என்று கேட்பீர்கள். எந்த வேலையானாலும் முதல் நாள் அவர்தான் முன்னால் நடப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கயிறு பிடித்து வரிசை காட்டுவார். நடுவில்தான் நடப்பார். அதை நினைத்தேன். இலை முதலிலிருந்து போடவேண்டியிருக்காது என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. ஒரு ஆளைக் கொல்லவேண்டும் என்றெல்லாம் நினைக்கிற பெண்பிள்ளை இல்லை நான்.

மறுநாள் காலையில் தங்கராசு வந்தான். நம் பக்கத்து ஆள்தான், தேங்காய் பறிக்க, வேலி கட்ட எல்லாம் அவன்தான் வருவான். கல்யாணமாகிக் கொஞ்ச வருஷம்தான் ஆகிறது, பெண்சாதி இருசம்மாள். நான் கூழ் ஊற்றினேன். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தான்.

"மண்ணு அல்வா மாரி இருக்குதும்மா. இதப் போயி கொத்தச் சொல்றாரே. நீங்க கூடை கூடையா சொமந்தாந்து போட்டத நான் பாத்தவன். ஒங்க கைதான இது" என்றான்.

அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இன்னும் ஒரு கரண்டிக் கூழ் ஊற்றினேன்.

அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம், நடுவில் பார்த்துப் போ என்று. சொல்லவில்லை. அவன் முன்னால் நடக்கப்போகிறவன் இல்லை, பின்னால் வருகிறவன்தானே என்று இருந்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நம்பினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் செருப்பைக் கழற்றினார். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் சமையற்கட்டு வாசலில் நின்றேன். அவர் அந்த இடத்தின்மேலேயே நடந்து போனார். ஒன்றும் ஆகவில்லை. அவர் மெலிந்த ஆள். பலகை தாங்கிவிட்டது.

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சரி, இலை போடவேண்டியதுதான், வேறென்ன என்று உள்ளே திரும்பிப் பாலை அடுப்பில் வைத்தேன். அந்த நேரத்தில் ஜெய்னப்பின் வீட்டுக்காரர் அப்துல் வதூது தெருக்கதவில் நின்று கூப்பிட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. இவர் கயிற்றைத் தங்கராசு கையில் கொடுத்துவிட்டுப் பேசப் போய்விட்டார். தங்கராசு கொத்த ஆரம்பித்தான்.

பால் பொங்கும் நேரத்தில் அவன் குரல் கேட்டது.

"யம்மா, இங்க மம்மட்டி பட்டா டொம்முங்குது. அடியில என்னமோ இருக்குது போல."

தெருக்கதவிலிருந்து இவருக்கும் கேட்டுவிட்டது. "என்னாடா தங்கராசு" என்றார். செருப்பை மாட்டுகிற சத்தம் வந்தது. வந்து பார்ப்பார். இலையை விலக்கச் சொல்வார். பலகை தெரியும். அப்போது அவருக்கு எல்லாம் ஞாபகம் வரும். இங்கே சட்டி இருந்ததே, யார் எடுத்தது என்று கேட்பார். திட்டமாட்டார், ஐயா, அவர் திட்டுகிறவர் இல்லை. கேட்பார். அன்றைக்குக் கேட்பார், மறுநாள் சாப்பிடும்போது கேட்பார், வெற்றிலை போடும்போது கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான் வாசலுக்கு வந்து சொன்னேன். "பழைய வாழக்கட்டதான் தங்கராசு. ஓங்கி ஒரு போடு போடு."

என் பேச்சை அவன் நம்பினான். தோட்டத்தைப் பற்றி நான் சொன்னால் அவன் நம்புவான். மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினான்.

பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனேன்.

கொஞ்ச நேரம் கிணற்றுக்குள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "யம்மா" என்றுதான் கூப்பிட்டான். அவனைப் பெற்றவளையா, என்னையா என்று தெரியவில்லை. பிறகு நின்றுவிட்டது. வதூது கயிற்றில் அரிக்கன் விளக்கைக் கட்டி இறக்கினார், பாதியிலேயே அணைந்துவிட்டது. உள்ளே காற்றுக் கெட்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இவர் நான் இறங்குகிறேன், நான் இறங்குகிறேன் என்று விளிம்புக்கே போய்விட்டார். அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தது நான்தான். எல்லாரும் பார்த்தார்கள். ஏன் பிடித்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பழக்கம்தான், வேறொன்றும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அவர் உங்களிடம், என் சம்சாரம் கிணறு இருக்கிறதென்று அன்றே சொன்னாள், நான்தான் தூர்க்காமல் விட்டேன், மறந்துவிட்டேன், என்மேல் கேஸ் எழுதுங்கள் என்றார். நீங்களே அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். சட்டி எங்கே போயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆயாசமாக இருக்கிறது. ஒரு போடு போடச் சொல்லியிருக்கவேண்டாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தோட்டத்தை இருசம்மாள் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். என்னைக் கேட்டார், கேட்காமல் செய்கிறவர் இல்லை. "குடுத்துடலாமா மங்கலம்" என்றார். "இனிமே ஒரு மம்மட்டியும் அங்க படக்கூடாது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நாம கூட இருந்து பாத்துக்கணும்." அவள் வந்து அவர் காலில் விழுந்து அழுதாள். "ஐயா மாரி மனுசன் ஒலகத்துல உண்டாம்மா" என்று என்னிடம் சொன்னாள். புருஷனைப் பறிகொடுத்தவள் சொல்கிறாள். ஊரே சொன்னது. எத்தனை பெரிய மனசு, தப்பைத் தானே ஒத்துக்கொள்கிறாரே என்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு அவர் மண்ணைப் பற்றிச் சொல்வதில்லை. தங்கராசைப் பற்றிச் சொல்கிறார். நன்றாகச் சொல்கிறார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் உள்ளே காபி போடுகிறேன். ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டார், அதனால் அவருக்குத் தனியாகக் கஞ்சி வைக்கிறேன். காலையில் இருசம்மாளோடு போய் எந்த இலை சீக்கிரம் மக்கும், எது மக்காது என்று காட்டுகிறேன். சுமை இப்போது அவள் தலையில். அவளுக்கும் இடுப்பு வலிக்கிறது என்கிறாள். பழகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

படுத்தால் அவர் தூங்குவதில்லை. "நான்தான் கொன்னேன் மங்கலம், நான்தான்" என்பார். எப்போதும் 'நாம' என்று சொல்கிறவர், இதை மட்டும் 'நான்' என்று சொல்கிறார். தினமும் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கவேண்டும். போன வாரம் என்னால் முடியவில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

"நீங்க கொல்லலீங்க. நான்தான். சட்டிய எடுத்தது நான். வெட்டுடான்னு சொன்னது நான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் தலையைத் தடவிக்கொடுத்தார். கல்யாணமான புதிதில் தடவியது, அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

"எனக்காக நீ பழிய ஏத்துக்காத மங்கலம். என் பாவம் என்னோட போவட்டும்" என்றார்.

மறுநாள் ஜெய்னப் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "புருசன காப்பாத்த இப்டியாக்கா சொல்லுவாங்க? அல்லா ஒங்களுக்கு எவ்ளோ நல்ல மனச குடுத்திருக்கான். அவரு சொல்லிச் சொல்லி அழுவுறாரு" என்றாள். அதையும் அவர்தான் சொல்லியிருக்கிறார். அதையும் நன்றாகத்தான் சொல்லியிருப்பார்.

அதனால்தான் இங்கே வந்தேன். வக்கீல் சொல்கிறார், கவனக்குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அவர் வயசுக்கும் நல்ல பேருக்கும் அபராதத்தோடு விட்டுவிடலாம் என்று. விடட்டும். ஜெயிலில் போட்டால் போடட்டும். அங்கேயும் நாலு பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

ஐயா, நீங்கள் ரைட்டர் தம்பிக்குக் கையைக் காட்டுவதைப் பார்த்தேன். எழுத வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் முகத்தில் வருகிற இந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஜெய்னப் இப்படித்தான் பார்த்தாள். இப்போது எனக்கு ஒரு சோடா வரவழைப்பீர்கள், ஆள் போட்டு வீட்டுக்கு அனுப்புவீர்கள், உங்கள் வீட்டில் போய், உத்திராபதி ஐயாவுக்கு வாய்த்த சம்சாரத்தைப் பார் என்று சொல்வீர்கள்.

நான் அவரைக் காப்பாற்ற வரவில்லை. செத்துப்போன ஒருவனுக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்றுதான் வந்தேன். வேறு எண்ணம் எதுவும் எனக்குக் கிடையாது. பலகை எங்கே இருக்கிறதென்று தெரிந்துவைத்திருந்தது நான். இலையைச் சமன் செய்தது நான். ஓங்கிப் போடச் சொன்னது நான். அந்த நேரத்தில் அவர் தெருக்கதவில் நின்று சிங்கப்பூர் சமாசாரம் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் அவர் ஒரு வேலையும் செய்யவில்லை, ஐயா.

தம்பி, பேனாவை எடுங்கள். இதையாவது என் பேரில் எழுதுங்கள்.